நிலத்தடி நீர்: நாட்டுக்கு 60%, பஞ்சாபுக்கு 156%... இந்தக் கணக்கு என்ன சொல்கிறது?

இந்தியா தன் நிலத்தடி நீரில் 60 சதவிகிதத்தைத்தான் பயன்படுத்துகிறது. 'அப்போ 40 சதவிகிதம் மிச்சம் இருக்கே, எதுக்குப் பயம்?' என்று நீங்கள் கேட்கலாம். சராசரி நம்மை ஏமாற்றும் இடம் இதுதான்.

பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது?

ஒரு சொம்பு நிறைய மணலைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்த சொம்புதான், ஆனாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். மணலுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் போய்த் தங்கும். நிலத்தடி நீரும் இப்படித்தான். சிந்து-கங்கைச் சமவெளியில் வண்டல் ஆழமாக இருப்பதால் நிறைய நீர் தங்கும். தக்காணத்திலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலும் அடியில் கடினப் பாறை. அங்கே பாறை வெடிப்புகளிலும் அதற்கு மேலே சிதைந்த அடுக்கிலும்தான் தண்ணீர். பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் கொட்டும்போது உங்கள் போரில் வெறும் புழுதி பறக்கக் காரணம் இதுதான்.

60% எப்படி வந்தது?

மழை, கால்வாய், ஏரி, பாசனக் கசிவு மூலம் ஆண்டுதோறும் நிலத்துக்குள் நீர் சேர்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 மதிப்பீட்டின்படி, அதில் நாம் எடுக்கக்கூடியது சுமார் 406 பில்லியன் கன மீட்டர். எடுப்பது சுமார் 246. இதில் 87 சதவிகிதம் விவசாயத்துக்குப் போகிறது.

அசாம் போன்ற மாநிலங்கள் மிகக் குறைவாக எடுக்கின்றன. பஞ்சாப், ராஜஸ்தான், ஹரியானா மூன்றும் 100 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டன. பஞ்சாபில் 100 லிட்டர் எடுக்கலாம் என்றால் 156 லிட்டர் எடுக்கிறார்கள். கூடுதல் 56 லிட்டர் பழைய சேமிப்பிலிருந்து வருகிறது. நாடு முழுக்க மதிப்பிடப்பட்ட 6,746 பகுதிகளில் 751 இப்படித்தான் இருக்கின்றன.

பஞ்சாபில் என்ன பிரச்னை?

கோதுமை சாப்பிடும் மாநிலம், நெல்லை விளைவிக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையில் அரசே நெல்லை வாங்கிக்கொள்கிறது. அந்த அரிசி மத்தியத் தொகுப்பு வழியாகப் பல மாநில ரேஷன் கடைகளுக்குப் போகிறது. விவசாய மின்சாரம் இலவசம். மோட்டாரை நிறுத்த விவசாயிக்கு என்ன அவசியம்?

2009-இல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்றது அது. கொளுத்தும் வெயிலில் நீர் ஆவியாகாமல், பருவமழையை ஒட்டி நடவு நடக்கட்டும் என்பது நோக்கம். ஆனால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைக்கும் அவகாசம் சுருங்கியது. நெல் தாளை எரிக்கும் அவசரம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நஷ்டம் யாருக்கு?

தரையில் வைத்து உறிஞ்சும் மோட்டார், நடைமுறையில் 7-8 மீட்டர் ஆழம் வரைதான் இழுக்கும். காற்றழுத்தத்தின் வரம்பு அது. நீர்மட்டம் அதற்குக் கீழே போனால், ஆழமாக போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்க வேண்டும். பணம் இருப்பவர் இறக்குவார். சிறு விவசாயி கடன் வாங்குவார், அல்லது பக்கத்து வயல்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்குவார். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் வழியில், நிலம் யாருடையதோ அவருக்கே அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை. நிலமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அடுத்த முறை 'இந்தியாவில் 60 சதவிகிதம்' என்று யாராவது சொன்னால், உங்கள் வட்டாரத்தின் எண் என்ன என்று கேளுங்கள். வாரியத்தின் அறிக்கையில் அது இருக்கிறது. 70-க்குள் இருந்தால் பாதுகாப்பான பகுதி. 100-ஐத் தாண்டியிருந்தால், அடுத்த போர் இன்னும் ஆழமாகத்தான் போட வேண்டியிருக்கும்.