தொண்ணூற்றேழும் பூச்சியமும்

எங்களிடம் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பேர் 'தொகுப்பு கடைசி'. அதுக்குள்ளே 'தொகுப்பு கடைசி சரி', அதுக்குள்ளே 'தொகுப்பு கடைசி சரி புதுசு'. சிரிக்காதீங்க, உங்கள் லெப்டொப்பிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும்.

2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்தார்கள் இல்லையா, அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. கடுகண்ணாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயசானவர்களிடம் கதை கேட்டு எழுதிவைப்போம் என்று கிளம்பினோம். நாங்கள் நாலு பேர், எல்லோரும் கலைப்பீடம். ஃபோனில் ரெக்கோர்ட் பண்ணி, டைப் பண்ணி, வட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்பி, திருத்தி, திருத்தியதைத் திரும்ப அனுப்பி, ஒரு வருஷம் போனது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் முப்பது பேருடைய கதைக்கு நானூறுக்கு மேல் கோப்புகள். எது எதனுடைய பிரதி, எது திருத்தினது, எது பழசு, யாருக்கும் தெரியாது.

அந்தக் குப்பையைக் கூட்டப்போய்த்தான் 'ஒரே மாதிரி' என்ற சொல்லைக் கணினி எப்படிப் படித்துக்கொண்டது என்ற வரலாற்றில் விழுந்தோம்.

'அதே கோப்பா இல்லையா' என்று கண்டுபிடிப்பது கணினிக்குச் சுலபம். 1992 இல் ரொன் ரிவெஸ்ட் வெளியிட்ட எம்.டி.5 மாதிரி ஒரு ஹாஷ் இருந்தால் போதும். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 32 குறிகளில் ஒரு கைரேகை வரும். ஆனால் உள்ளே ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கைரேகை முழுசாக மாறிவிடும். அது குறை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். யாராவது கைவைத்திருந்தால் தெரியவேண்டும் என்பதுதான் அதன் வேலை. எங்கள் நானூறு கோப்பிலும் அதை ஓட்டினோம். அச்சொட்டாக ஒன்றாக இருந்தவை முப்பது நாற்பது பிடிபட்டன. மிச்சம் எல்லாம் 'வேறு வேறு' என்று வந்தது. ஒரு எழுத்துப்பிழை திருத்தியதும் வேறு, முற்றிலும் வேறொரு ஆளின் கதையும் வேறு. இரண்டுக்கும் நடுவில் எம்.டி.5 க்கு எந்த உலகமும் இல்லை.

இந்த நடு உலகத்தைத் தேடியவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1994 இல் உடி மன்பர் என்பவர் பெரிய கோப்புத் தொகுதிகளில் ஒத்த கோப்புகளைக் கண்டுபிடிக்க சிஃப் என்று ஒரு கருவி செய்தார். முழுக்கோப்பையும் ஒப்பிடாமல் அதற்குள் சில இடங்களில் மட்டும் கைரேகை எடுத்து, எத்தனை பொதுவாக இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய யோசனை. 1997 இல் அல்டாவிஸ்டா தேடுபொறிக்காக அன்ட்ரெய் ப்ரோடரும் கூட்டாளிகளும் மூன்று கோடி இணையப் பக்கங்களை இந்த வகையில் கொத்துக் கொத்தாகப் பிரித்தார்கள்.

நாங்கள் பயன்படுத்திய எஸ்எஸ்டீப் வேறொரு கிளையில் வந்தது. அவுஸ்திரேலியாவில் அண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1996 இல் ஆர்சிங்க் என்ற கருவியை போல் மக்கெராஸுடன் சேர்ந்து எழுதினார். தூரத்தில் இருக்கும் இரண்டு கணினிகளில் கிட்டத்தட்ட ஒரே கோப்பு இருந்தால், மாறின துண்டை மட்டும் அனுப்புவதற்கு. அந்த அனுபவத்தில் 2002 இல் ஸ்பாம்சம் எழுதினார். குப்பை மின்னஞ்சல் அனுப்புகிறவன் ஒவ்வொரு மடலிலும் ஒரு சொல்லை மாற்றி அனுப்புவான், ஹாஷ் ஏமாந்துபோகும், ஸ்பாம்சம் ஏமாறாது. 2006 இல் ஜெஸ்ஸி கோர்ன்ப்ளம் அதை எடுத்துக் கணினிக் குற்றப் புலனாய்வுக்குத் திருப்பினார். அதுதான் எஸ்எஸ்டீப். வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரு கோப்பை ஏற்றிப் பாருங்கள், விபரங்களில் அதனுடைய எஸ்எஸ்டீப் கைரேகையும் இருக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பொறியியற்பீட நண்பர் எங்களுக்கு மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் விளங்கவில்லை. நாலாவது தடவை பஸ்ஸில் வரும்போது விளங்கியது.

கொழும்பு - கண்டி ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ரோட்டை இரண்டு விதமாகத் துண்டு போடலாம். ஒன்று, கிலோமீற்றர் கல்லை வைத்து. ஆனால் கேகாலைப் பக்கம் ஒரு வளைவை நேராக்கி அரைக் கிலோமீற்றர் குறைந்தால், அதுக்குப் பிறகு வரும் கல் எல்லாம் இடம் மாறவேண்டும். ரோட்டின் மிச்சம் அப்படியே இருந்தாலும், கல் கணக்கில் துண்டுகள் எல்லாம் புதுசு. இரண்டாவது, வழியில் இருக்கும் அடையாளங்களை வைத்து. உத்துவன்கந்தை, மாவனெல்லைப் பாலம், குடைந்த பாறை, டோசன் கோபுரம், பிலிமத்தலாவை என்று. கேகாலையில் என்ன வெட்டினாலும் மாவனெல்லைக்கும் குடைந்த பாறைக்கும் நடுவில் உள்ள துண்டு மாறாது. மாறியது ஒரு துண்டு மட்டும்.

எஸ்எஸ்டீப் செய்வது இந்த இரண்டாவது வேலை. ஏழு பைட் அகலமுள்ள ஒரு ஜன்னலைக் கோப்பின் மேல் நகர்த்திக்கொண்டே போகும். ஜன்னலுக்குள் தெரிவது ஒரு குறிப்பிட்ட கணக்குக்குப் பொருந்தினால் 'இதோ கோபுரம்' என்று அங்கே வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு எழுத்தைக் கொடுக்கும். அந்த எழுத்துக்களைக் கோர்த்தால் கோப்பின் கைரேகை, கூடினால் 64 எழுத்து. பிறகு இரண்டு கைரேகைகளை எடுத்து, எத்தனை எழுத்தைச் சேர்த்து நீக்கினால் இது அதுவாகும் என்று பார்த்து 0 இலிருந்து 100 வரை ஒரு புள்ளி. தொடர்ச்சியாக ஏழு எழுத்தாவது பொதுவாக இல்லையென்றால் நேராகப் பூச்சியம்.

(டோசன் கோபுரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இந்த ரோட்டைப் போட்ட கப்டன் டோசன் 1829 இல் இறந்தார், 1832 இல் அவருக்காகக் கோபுரம் எழும்பியது. அதே 1832 இல்தான் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் சி.வை. தாமோதரம்பிள்ளை பிறந்தார். அவர் பிறகு வருவார்.)

சரி, ஓட்டினோம். முதலில் எல்லாமே பூச்சியம். ஒரு மணித்தியாலம் குழம்பிய பிறகுதான் தெரிந்தது, டொக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய மூட்டை, உள்ளே ஒரு சொல் மாறினால் கட்டே வேறு மாதிரி ஆகிவிடும். மூட்டையை அவிழ்த்து வெறும் எழுத்தை மட்டும் எடுத்தோம். அப்போதும் சில ஜோடிகள் பூச்சியம். திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே கதை, ஒரே வரிகள்! வித்தியாசம் என்னவென்றால், எங்களில் இருவர் யுனிகோடில் டைப் பண்ணுகிறவர்கள், ஒருவர் பாமினி. பாமினியில் 'தமிழ்' என்று நாம் பார்ப்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். யுனிகோடிலோ அதே சொல் ஐந்து குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு முன்பின் தெரியாத ஆட்கள். இலங்கையில் எத்தனை அலுவலகங்களில், எத்தனை பழைய சஞ்சிகைகளின் கணினிகளில் பாமினிக் கோப்புகள் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தோம். ஏழு பைட் ஜன்னலில் ஆங்கிலம் என்றால் ஏழு எழுத்துத் தெரியும். தமிழில் இரண்டு குறியும் மூன்றாவதில் ஒரு துணுக்கும். 'கடுகண்ணாவை' என்ற ஊர்ப் பேருக்கு மட்டும் 30 பைட் வேண்டும், ஜன்னல் வழியாக 'கடு' கூட முழுசாகத் தெரியாது. இந்தக் கருவியைச் செய்தவர்கள் தமிழை நினைத்துச் செய்யவில்லை, அது அவர்கள் பிழையும் இல்லை. ஆனால் நாம் பாவிக்கும்போது நினைக்கவேண்டும். 'கொ' என்பதைக்கூட இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக அல்லது தனித்தனியாக. அதையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவந்து, பாமினியை யுனிகோடாக்கி, திரும்ப ஓட்டினோம். இந்தமுறை அழகாக வந்தது. 88, 94, 97, 100 என்று ஜோடி ஜோடியாக.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பிழை விட்டோம். 95 க்கு மேல் வந்த ஜோடிகளில் திருத்திய, சுத்தமான பிரதியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தோம். திறந்து பார்க்கவில்லை. 97 என்றால் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப்போகிறது?

எங்களில் ஒருவருடைய அம்மாயியின் கதையும் அந்த 97 இல் ஒன்று.

அதைச் சொல்வதற்கு முன்னால் பின்னணி. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 975,000 பேர் வெறும் கணக்கானார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போகிறவர்கள் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அந்தக் கோச்சிக்கு நம்ம ஆட்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. கண்டியிலிருந்து வடக்கே போகிற பாதை கடுகண்ணாவையைத் தாண்டித்தான் இறங்கும். இன்றைக்கு ரயில்வே மியூசியம் பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகள் வந்து இறங்குகிற அதே ஸ்டேஷன்.

அம்மாயியின் தங்கச்சி கண்டியில் கோச்சி ஏறினார். அம்மாயி கடுகண்ணாவை ஸ்டேஷனில் நின்றார், ஜன்னலில் ஒரு தடவை பார்க்கலாம் என்று. பார்த்தார். ஐந்து பக்கக் கதை, அதில் இது ஒரு பக்கம். முதல் பிரதியில் அதன் கடைசியில் இரண்டு வரி இருந்தது: தங்கச்சி போய்ச் சேர்ந்த ஊரின் பேர், ஒரு கேள்விக்குறியோடு. ரெக்கோர்டிங்கில் சரியாகக் கேட்கவில்லை என்று டைப் பண்ணியவர் கேள்விக்குறி போட்டிருந்தார். இரண்டாம் பிரதியைத் திருத்தியவர், நிச்சயமில்லாததை ஏன் வைப்பான் என்று அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டார். எஸ்எஸ்டீப் பார்த்தது, ஐந்து பக்கத்தில் இரண்டு வரி, 97. நாங்கள் கேள்விக்குறியோடு இருந்ததை அழித்தோம்.

இரண்டு மாதம் கழித்து அம்மாயியின் இன்னொரு பேரன் கேட்டார், திருச்சிப் பக்கம் போகிற ஒரு கூட்டாளி இருக்கிறான், சின்ன அம்மாயி இருக்கும் ஊர் எது, உங்கள் எழுத்தில் இருக்கா என்று. தேடினோம். அழித்ததைக் கூடையிலிருந்தும் காலி பண்ணியிருந்தோம். அனுப்பின ஃபோன் ரீசெட் ஆகியிருந்தது. ரெக்கோர்டிங்கை, இடம் போதாமல், எப்போதோ நாங்களே அழித்திருந்தோம்.

தாமோதரம்பிள்ளை இப்போது வரவேண்டும். அவர் வீரசோழியத்தையும் (1881) கலித்தொகையையும் (1887) அச்சில் கொண்டுவந்தபோது முன்னால் இருந்தது எங்கள் ஃபோல்டரைவிட மோசமான நிலைமை: பூச்சி அரித்த, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஏடுகள். உ.வே. சாமிநாதையர் அதே 1887 இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க ஐரோப்பாவில் லாக்மன் பேரில் வழங்கும் முறை ஒன்று உண்டு. இரண்டு பிரதிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், அவை சொந்தம். அதாவது பிழைதான் உறவுக்குச் சாட்சி. நம்ம பதிப்பாசிரியர்களிடம் இதற்குப் 'பாடபேதம்' என்ற சொல் இருந்தது. ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல் என்றால், சரியென்று நினைப்பதை மேலே வைத்துவிட்டு மற்றதை அடிக்குறிப்பில் போடுவார்கள். பாடபேதம் என்பது கூட்டித்தள்ளுகிற குப்பை என்று அவர்கள் நினைக்கவில்லை. தமிழ் படிக்கிற பிள்ளைகளான எங்களுக்கு இது முதலாம் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்த விஷயம், அதுதான் வெட்கம்.

எஸ்எஸ்டீப் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. புலனாய்வுக்காரர் ஒருவரிடம் 97 என்று சொன்னால் அவர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறப்பார். அவருக்கு அது 'இங்கே பார்' என்ற சத்தம். நாங்கள்தான் அதை 'இனிப் பார்க்கத் தேவையில்லை' என்று கேட்டோம். இப்போது ஃபோல்டரில் எதையும் அழிப்பதில்லை. புள்ளி கூடின ஜோடிகளைத் திறந்து, என்ன வித்தியாசம் என்று ஒரு ஷீட்டில் எழுதுகிறோம். மெதுவாகத்தான் போகிறது.

போன மாதம் அம்மாயியிடம் திரும்பப் போனோம். "அன்னிக்கே சொன்னேனே புள்ள, எழுதிக்கலியா?" என்று கேட்டார். திரும்பச் சொன்னார். இந்தமுறை கோச்சி வந்தது காலையில் இல்லை, இருட்டின பிறகு. தங்கச்சி ஜன்னலில் நிற்கவில்லை, கதவில் நின்றாள். கையில் கைக்குழந்தை இருந்தது, முதல் தடவை அந்தக் குழந்தையே கதையில் இல்லை. ஊர்? "துறையூர் பக்கம். பட்டினு முடியும். அவ்ளோதான் ஞாவகம்."

அதையும் டைப் பண்ணிப் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பூச்சியம். அதே அம்மாயி, அதே தங்கச்சி, அதே ஸ்டேஷன், ஆனால் ஒரு வரிகூட அதே சொற்களில் இல்லை. ஷீட்டில் அந்த ஜோடிக்கு நேரே 'ஒரே கதை' என்று கையாலே எழுதினோம்.

துறையூர் பக்கம் பட்டி என்று முடிகிற ஊர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. மெப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய் அம்மாயிக்கு வாசித்துக் காட்டவேண்டும்.