ராஜாவைவிட அழகான வீடு!

ராஜாவிடம் வேலை பார்க்கும் ஒருவர், ராஜாவுடையதைவிட அழகான வீடு கட்டலாமா? கட்டினார் ஒருவர். அப்புறம் அந்த வீட்டில் வாழத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை!

பாரீஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், வோ-லெ-விகோந்த் மாளிகை. கட்டியவர், பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே. திறமைசாலிகளை மோப்பம் பிடிப்பதில் மனிதர் கில்லாடி. கட்டடத்துக்கு லூயி லெ வோ, ஓவியங்களுக்கு சார்ல் லெ ப்ரூன், தோட்டத்துக்கு ஆந்த்ரே லெ நோத்ர் என்று மூன்று மேதைகளை ஒன்றுசேர்த்தார். 1656-ல் ஆரம்பித்த வேலை, ஐந்தே வருடங்களில் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

சுற்றிலும் அகழி. நடுவில், குவிமாடத்தோடு ஒரு முட்டை வடிவ ஹால். அதன் பின்வாசலில் நின்று தோட்டத்தைப் பாருங்கள். ஒரே சமதளம்... தடாகங்கள், தொலைவில் ஒரு குகைச் சுவர். 'இதோ, நடந்தே போய்விடலாம்' என்று கிளம்புவீர்கள். நடக்க நடக்க, அது விலகிக்கொண்டே போகும். திடீரென்று தரை இறங்கும். எதிரே, குறுக்கே ஓடும் ஒரு நீண்ட கால்வாய்! மாளிகையிலிருந்து அது கண்ணில் படவே படாது. தள்ளி இருப்பதைப் பெரிதாக்கி, பக்கத்தில் இருப்பதுபோல் காட்டிய லெ நோத்ரின் கண்கட்டு வித்தை அது.

1661 ஆகஸ்ட் 17. ராஜாவுக்கு இங்கே விருந்து. மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை... சரியாகப் பத்தொன்பதாவது நாள் ஃபூக்கே கைது! அன்று லூயிக்கு 23-வது பிறந்தநாள். கைதுசெய்தவர், டூமாவின் நாவலால் பிற்பாடு பிரபலமான அதே தார்த்தஞான்தான்.

விருந்தைப் பார்த்த பொறாமைதான் காரணம் என்பார்கள். முழு உண்மை அதுவல்ல. 'கஜானாவைச் சுரண்டுகிறார்' என்று கோல்பேர் ஏற்கெனவே ஓதிவைத்திருந்தார். விருந்துக்கு முன்பே ராஜா முடிவெடுத்துவிட்டார். வந்து, சாப்பிட்டு, ரசித்து, சிரித்துவிட்டும் போனார்! மூன்று வருட வழக்கின் முடிவில் கோர்ட், நாடு கடத்தச் சொன்னது. ராஜாவோ தண்டனையைக் குறைக்கவில்லை, கூட்டினார்... ஆயுள் சிறை! 1680-ல் சிறையிலேயே ஃபூக்கேயின் கதை முடிந்தது.

அந்த மூன்று மேதைகள்? மூவரையும் ராஜா வெர்சாய்க்கு அழைத்துக்கொண்டார். இங்கிருந்த ஆரஞ்சு மரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. உலகமே வியக்கும் வெர்சாய்க்கு ஒத்திகை நடந்தது இங்கேதான்.

1875-ல் தொழிலதிபர் ஆல்ஃப்ரெட் சோமியே வாங்கிச் சீர்செய்ததால் மாளிகை பிழைத்தது. ஆனால், முட்டை வடிவ ஹாலின் குவிமாடத்துக்கு லெ ப்ரூன் திட்டமிட்ட ஓவியம் மட்டும் கடைசிவரை வரையப்படவே இல்லை. வரையச் சொன்னவர் சிறைக்குப் போய்விட்டாரே!