விதியோ, வடிவின் குற்றமோ?

விபத்தில் ஒருவர் மாண்டாரெனின் "தலைவிதி" என்று பெருமூச்செறிந்து அமைதல் நம்மவர் வழக்கம். அங்ஙனம் அமையாது, "காயம் எதனால் நேர்ந்தது?" என வினவிய ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அவர் அமெரிக்கரான ஹியூ டி ஹேவன். 1917-ஆம் ஆண்டு, பயிற்சியின்போது இவர் ஏறிய ஆகாய விமானம் மற்றொன்றுடன் மோதி வீழ்ந்தது. ஈரல் முதலிய உள்ளுறுப்புக்கள் சிதைந்தும் பிழைத்தார். பிறர் அதனை அதிர்ஷ்டமென்றனர். இவரோ, தம் வயிற்றைச் சிதைத்தது இடைவாரின் கொக்கியே எனத் துணிந்தார். அதனால் வாரையே வெறுத்தாரல்லர். அதன் வடிவைத் திருத்தல் வேண்டுமென்றார்.

50 முதல் 150 அடி உயரத்தினின்று வீழ்ந்தும் பிழைத்தோரை ஆராய்ந்து 1942-இல் கட்டுரை வெளியிட்டார். வீழ்ந்தவிடம் சில அங்குலம் அமிழ்ந்து கொடுப்பினும் விசை தணிந்து உயிர் நிற்கும் என்பது அதன் சாரம். அவ்வாண்டே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் விபத்துக்காய ஆராய்ச்சியைத் தொடங்கினார். கண்ணாடிப் பாண்டத்தை வைக்கோலிட்டுக் கட்டியனுப்பும் நாம், மனிதரை அங்ஙனம் பேணாமை வியப்பன்றோ?

இக்கருத்துக்கு ஒத்த தீர்ப்பொன்று 1968-இல் அமெரிக்க மேன்முறையீட்டு நியாயஸ்தலத்தில் எழுந்தது. நேருக்கு நேர் மோதலில், மோட்டாரின் திருப்புச் சக்கரத் தண்டு பின்தள்ளி ஓட்டியவரின் தலையைத் தாக்கிய வழக்கு அது. மோதல் எதிர்பார்க்கத்தக்கதாகலின், அதிற் காயம் மிகாதவாறு வண்டியை அமைத்தலும் செய்தோர் கடனே என்றனர் நியாயாதிபதிகள். எவ்விசை எவ்வுறுப்பைச் சிதைத்ததென அளந்துரைக்கும் வல்லுநரின் சாட்சியத்துக்கு இதனால் மதிப்பு மிகுந்தது.

ஆதலின், வண்டியேறுங்கால் காப்புவாரை அணியாதிருந்து, பின்னர் விதியைப் பழித்தல் நமக்குத் தகாது.