எபேசுவின் நெருப்பும் ஐலண்ட் ட்ரீஸின் அலமாரியும்



பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை அகற்றும்படி கேட்கிற பெற்றோர், பெரும்பாலும் பிள்ளைகள்மேல் உள்ள அன்பினாலேயே அப்படிக் கேட்கிறார்கள். அந்த அன்பை இகழ எனக்கு மனமில்லை. ஆயினும், அதே பாரம் கொண்டவர்கள் ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு காரியத்தை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதில் கிறிஸ்தவத்தின் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்ட் பகுதியில் ஐலண்ட் ட்ரீஸ் என்னும் கல்வி வட்டாரம் உண்டு. 1975 செப்டம்பரில் அதன் கல்வி வாரிய உறுப்பினர் மூவர், பெற்றோர் அமைப்பு ஒன்றின் மாநாட்டிலிருந்து, ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியல் ஒன்றைப் பெற்று வந்தனர். பட்டியலில் இருந்த 9 நூல்கள் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் இருந்தன. இன்னொன்று இடைநிலைப் பள்ளியில் இருந்தது; மற்றொன்று 12ஆம் வகுப்பின் இலக்கியப் பாடத்தில் இருந்தது. 1976 பிப்ரவரியில் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிடுமாறு வாரியம் பணித்தது. அந்நூல்கள் அமெரிக்காவுக்கும் கிறிஸ்தவத்துக்கும் யூதருக்கும் விரோதமானவை, வெறும் ஆபாசம் என்று வாரியம் காரணம் கூறியது.

பின்னர் பெற்றோர் நால்வரும் பள்ளி ஊழியர் நால்வரும் அடங்கிய குழு ஒன்றை வாரியமே நியமித்து, நூல்களை வாசித்துப் பரிந்துரை செய்யும்படி கேட்டது. ஐந்து நூல்களைத் திருப்பி வைக்கலாம், இரண்டை நீக்கலாம் என்று குழு கூறியது. மற்றவற்றில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை, அல்லது நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்றது. வாரியமோ ஒரு நூலை மட்டும் தடையின்றித் திருப்பி வைத்தது. ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' நூலைப் பெற்றோர் சம்மதத்தோடு அனுமதித்தது. எஞ்சிய 9 நூல்களையும் விலக்கியது.

அந்நூல்களில் இரண்டைச் சற்று கவனியுங்கள். 'பிளாக் பாய்' ஒரு கறுப்பின எழுத்தாளரின் தன்வரலாறு. மெம்ஃபிஸ் நகர நூலகத்தில் தம் இனத்தாருக்குப் புத்தகம் தரமாட்டார்கள் என்பதால், வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையை இரவல் வாங்கி, அவர் அனுப்பியதுபோல் சீட்டு எழுதிக்கொண்டுபோய்ப் புத்தகம் பெற்றதை ரைட் அதில் விவரிக்கிறார். நூலகக் கதவு அடைக்கப்பட்ட ஒருவனின் கதைக்கே நூலகக் கதவு அடைக்கப்பட்டது.

இரண்டாவது, பெர்னார்ட் மாலமூட் எழுதிய 'தி ஃபிக்ஸர்'. 1967இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். கீவ் நகரில் கிறிஸ்தவச் சிறுவன் ஒருவனைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட ஓர் ஏழை யூதனின் கதை அது. 1911இல் கைதாகி 1913இல் விடுதலை பெற்ற மெண்டல் பெய்லிஸ் என்பவரின் உண்மை வழக்கே அதற்கு மூலம். கிறிஸ்தவர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் யூதருக்கு இழைத்த அநீதியை யூத எழுத்தாளர் ஒருவர் எழுதிய நூல், கிறிஸ்தவத்துக்கும் யூதருக்கும் விரோதமானவை எனப்பட்ட நூல்களோடு சேர்த்து விலக்கப்பட்டது. நம் பாவத்தை நமக்குக் காட்டுகிற கண்ணாடியை நாம் எத்தனை எளிதில் விரோதி என்று அழைத்துவிடுகிறோம்!

ஸ்டீவன் பிகோ என்னும் மாணவரும் அவரோடு நான்கு மாணவரும் வழக்குத் தொடுத்தனர். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982 ஜூன் 25 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பாகி, வழக்கு விசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நீதிபதிகள் பல கருத்துரைகளை எழுதினர். அவற்றுள் முதன்மையான கருத்துரையை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், கல்விக்குத் தகாதது என்று ஒரு நூலை நீக்குவது வேறு, அதிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நீக்குவது வேறு என்று பிரித்துக் காட்டினார். விசாரணை மீண்டும் தொடங்குமுன்பே வாரியம் நூல்களைத் திருப்பி வைக்கத் தீர்மானித்தது.

"எபேசு பட்டணத்து விசுவாசிகள் புத்தகங்களை எரித்தார்களே, வேதத்திலேயே இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். மாயவித்தைக்காரராயிருந்தவர்கள் மனந்திரும்பி, தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு, நஷ்டமும் அவர்களுடையதே. அயலான் வீட்டுக்குள் நுழைந்து அவன் புத்தகத்தை எடுத்துவந்து நெருப்பிலிட்டதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

பிறருடைய கையிலிருந்து பிடுங்கி எரிக்கப்பட்ட நூல் எது என்று தேடினால், நம் கையிலுள்ள வேதமே நம் நினைவுக்கு வரவேண்டும். வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் இங்கிலாந்துக்கு வந்தபோது, லண்டன் பேராயர் அதன் பிரதிகளை எரிக்கச் செய்தார். பாமர ஜனங்களைத் தவறான போதனையிலிருந்து காக்கிறோம் என்பதே அன்றும் காரணம். 1536இல் டிண்டேலும் கொல்லப்பட்டார். 1539இல் இங்கிலாந்தின் ஆலயங்களில் அரச ஆணையின்படி வைக்கப்பட்ட ஆங்கில வேதத்தில், அவருடைய மொழிபெயர்ப்பு பெருமளவில் இடம்பெற்றிருந்தது.

ஆகவே பிரியமானவர்களே, உங்கள் பிள்ளை எதை வாசிக்கிறது என்று விசாரிப்பது உங்கள் கடமை. வயதுக்கு மிஞ்சியது என்று தோன்றினால் எடுத்து வைக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து அதைப் பறிக்கும் அதிகாரத்தை அந்தக் கடமை உங்களுக்குத் தருவதில்லை. ஏதேனும் ஒரு நூலுக்கு எதிராகக் கையொப்பம் கேட்டு உங்களிடம் பட்டியல் வந்தால், முதலில் அந்நூலை முழுவதும் வாசியுங்கள். பிறகு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, அதைப்பற்றிப் பேசுங்கள். வீட்டில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைக்கு, வெளியே எந்தப் புத்தகத்தையும் நிதானித்து அறியும் பலன் உண்டாகும்.

நம்முடைய விசுவாசம் ஒரு புத்தக அலமாரியைக் கண்டு நடுங்கத்தக்கதல்ல. சத்தியத்தின்மேல் உறுதியான நம்பிக்கையையும், பிறருடைய பிள்ளைகளின்மேல் மரியாதையையும் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.