கரையோரக் கிணறுகளின் கணக்கு



கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலருகே நின்றால் உப்புக் காற்று முகத்தில் அறையும். ஆயினும் அவ்வூர் மணலைச் சிறிது ஆழம் தோண்டினால் ஊறுவது நன்னீரே. இத்துணை அருகில் கடலிருந்தும் கிணறு கரியாதது எங்ஙனம்?

நீரிற் கரைந்த பொருள் நீரின் இயல்பையே மாற்றிவிடும். உப்பு மிக மிக நீரின் உறைநிலை அதே விகிதத்திற் தாழ்கிறதென 1788இல் ஆங்கிலேயரான சார்ல்ஸ் பிளாக்டன் கண்டார். கிணற்றைக் காப்பதோ உறைநிலை அன்று, எடை. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். எஞ்சிய கணக்கை 1880களின் இறுதியில் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901இல் வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே செய்தனர். 40 அடி உயரக் கடல்நீரைத் தாங்கி நிறுத்த 41 அடி உயர நன்னீர் வேண்டும். நாற்பதை 1025ஆலும், நாற்பத்தொன்றை 1000ஆலும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 41,000! ஆகவே, கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே நாற்பதடி நன்னீர் மணலுக்குள் மிதக்கும். மழை பெய்து சேர்த்த மிதவை அது.

மறுபுறத்தையும் எண்ண வேண்டும். மேலே ஓரடி குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி ஏறிவிடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கியது. அம்பாறை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியோரின் கிணறுகளிற் கடல்நீர் நிறைந்து கிடந்தது. குடிநீருக்கு வேறு வழியின்றித் தவித்த மக்கள் அதை இறைத்தனர், மீண்டும் இறைத்தனர். இறைத்தால் உப்புப் போய்விடும் என்று எவரும் எண்ணுவது இயல்பே. கிழக்குக் கரையை ஆராய்ந்த நீரியலாளரோ, அளவு மீறி இறைத்தால் அடியிலிருந்தே உவர் மேலெழும் என எச்சரித்தனர். மேலிருந்து புகுந்த உப்பைக் கழுவ, கீழிருக்கும் உப்பை அழைப்பதா? கைபனின் கணக்கை அறிந்தவர்க்கு அவ்வெச்சரிக்கை வியப்பளித்திராது.

பின்வந்த வடகீழ்ப் பருவ மழைகளே மணலைச் சிறிது சிறிதாகக் கழுவின. கிணறுகளின் கரிப்பும் மெல்லக் குறைந்தது.