சர்வரின் நிலையற்ற இணைப்பு

சர்வரின் நிலையற்ற இணைப்பு என்பது, அடியோடு செத்துப்போகாமல் வருவதும் போவதுமாக இருக்கும் வலைத்தொடர்பு. செத்த இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. எந்தப் பெட்டியில் விளக்கு அணைந்திருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். இதுவோ முறைக்காய்ச்சலைப் போன்றது, வைத்தியர் வரும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருக்கும். முறைக்காய்ச்சல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைக் கொண்டே பழைய வைத்தியர்கள் அதை வகை பிரித்தார்கள். இணைப்புக்கும் அந்த வழிதான் சரி. அறுபடும் நேரத்தை முதலில் குறிக்க வேண்டும். வெளிக்கம்பியின் மேல் பழிபோடுவது கடைசியில். நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கம்பியைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையிலுள்ள ஏர்பேட்டை எடுத்துக்கொள்ளலாம். 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி., ஐசர் ஆகிய இரண்டின் நிரந்தர வளாகங்களும் இந்தப் பகுதியில் உள்ளன. இப்படிப்பட்ட நிறுவனங்களை இணைப்பதற்காகவே 2010இல் மத்திய அரசு தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தது. நகரத்துக்கு வெளியே அமையும் எந்த வளாகத்துக்கும் ஃபைபர் சாலையோரமாகத்தான் வரும். சாலை வேலை நடக்கும் இடத்தில் பொக்லைனும் வரும். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஃபைபர் வெட்டுகள் நேர்கின்றன, இழப்பு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்று அரசே சொல்லி, தோண்டுமுன் தகவல் தருவதற்கென 2023 மார்ச்சில் ஒரு செயலியையும் வெளியிட்டது. ஆனால் இந்தக் கணக்கு நம் நோய்க்குப் பொருந்தாது. வெட்டுப்பட்ட ஃபைபர், ஆள் வந்து ஒட்டும்வரை மணிக்கணக்கில் செத்தே கிடக்கும். பத்து விநாடி போய்ப் பத்து விநாடியில் தானே திரும்பும் இணைப்பை வெட்டு என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறி வளைந்த ஃபைபரும், சரியாக ஒட்டாத இணைப்பும், தூசி படிந்த முனையும் விதிவிலக்குகள். அவற்றில் ஒளி வந்துகொண்டிருக்கும், ஆனால் விளிம்பில் நிற்கும்; மே மாத வெயிலிலோ ஐப்பசி மழையிலோ அந்த விளிம்பையும் தாண்டிவிடும். இதையும் ஊகிக்கத் தேவையில்லை. பெரும்பாலான சுவிட்சுகளில் ஒளி வாங்கும் மாட்யூலே உள்வரும் ஒளியின் அளவைச் சொல்லும். அதை நாள்தோறும் குறித்துவைத்தால் போதும். தொலைவும் ஒரு சாட்சி. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோவிநாடி ஆகிறது. ஏர்பேட்டிலிருந்து சென்னைக்கான பாதை 150 கிலோமீட்டர் என்றே வைத்தாலும் போய்வர 1.5 மில்லிவிநாடி போதும். அளவீடு 40 மில்லிவிநாடி என்று காட்டினால், பாக்கெட் வேறு ஊர் சுற்றிப் போகிறது, அல்லது ஏதோ ஒரு பெட்டியில் வரிசையில் நிற்கிறது.

கம்பியில் கோளாறே இல்லாமலும் இணைப்பு தள்ளாடும் என்பதற்கு இணைய வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. வான் ஜேக்கப்சன் ஆராய்ந்தபோது தவறு இரு முனைகளிலும் இருந்த டிசிபி மென்பொருளில் இருந்தது. நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை அது பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை இன்னும் பெருக்கியது. அவர் 1988இல் வெளியிட்ட தீர்வில், இழப்பு நேர்ந்தால் அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வழக்கம் இன்றும் தொடர்வதால்தான் சிறு இழப்பும் பெரிதாகத் தெரிகிறது. போய்வர 50 மில்லிவிநாடி எடுக்கும் பாதையில் நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால், பழைய டிசிபி கணக்கின்படி ஒரு தொடர்பு விநாடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட்டைத் தாண்டாது. கம்பி ஒரு கிகாபிட் கொள்ளளவு உடையதானாலும் அதே கதிதான். கூடுதல் பேண்ட்வித் வாங்கினால் சரியாகிவிடும் என்ற யோசனை இங்கே எடுபடாது.

நேரத்துக்கு வருவோம். சம இடைவெளியில் அறுபட்டால் அது இயற்கையின் வேலை அல்ல, எங்கோ ஒரு கடிகாரத்தின் வேலை. தினமும் நள்ளிரவில் என்றால் பேக்கப்பைப் பார்க்க வேண்டும். ஓய்வாகக் கிடந்த தொடர்பு மட்டும் காலையில் முதல் ஆள் உட்கார்ந்ததும் தொங்கினால், நடுவிலுள்ள ஃபயர்வால் அதை மறந்துவிட்டது என்று பொருள். லினக்ஸ் வழக்கமாக 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும், அதுவும் மென்பொருள் கேட்டுக்கொண்டால்தான். பல ஃபயர்வால்கள் அதற்கு வெகுமுன்பே அந்தத் தொடர்பின் பதிவை அழித்துவிடுகின்றன. விசாரிக்கும் இடைவெளியைக் குறைத்தால் சரியாகிவிடும். மின்வெட்டோடு சேர்ந்து வந்தால் இன்னும் எளிது. சர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கும். ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் சின்ன மீடியா கன்வர்ட்டரை யாரோ சுவர் பிளக்கில் செருகியிருப்பார்கள். ஜெனரேட்டர் பிடிக்கும் சில விநாடியில் அது அணைந்து எரியும், லட்ச ரூபாய்ச் சர்வரின் பெயர் கெடும்.

‘பிங் நன்றாகத்தானே வருகிறது’ என்பது அடுத்த மறுப்பு. வழக்கமான பிங் நூறு பைட்டுக்கும் குறைந்த சிறு பாக்கெட். பாதையில் எங்கோ 1,500 பைட் அனுமதிக்கப்படாமல், அதைச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியையும் ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், சிறியது போகும், பெரியது மாயமாகும். லாகின் ஆகிவிடும், நீண்ட பட்டியல் ஒன்றைக் கேட்டதும் திரை உறையும். ஒருபக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டி, மறுபக்கம் தானியங்கியாக விடப்பட்ட 100 மெகாபிட் போர்ட்டிலும் இப்படித்தான்: பிங் சிரிக்கும், கோப்பு அழும். மாறாக, நடுவழி ரவுட்டர் ஒன்று பிங்குக்குப் பதில் தர மறுத்தாலே பாதை கெட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. கடைசி முனையில் இழப்பு இல்லையென்றால், அந்த ரவுட்டருக்கு வேறு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே என்பார்கள். சரியாகும், முகவரி அட்டவணைகள், தொடர்புப் பதிவுகள், நிரம்பிய நினைவகம் எல்லாம் துடைக்கப்படுவதால் சரியாகும். ஒரே ஐபி முகவரியை இரண்டு கருவிகள் வைத்திருந்தது அந்த அட்டவணையில்தான் தெரிந்திருக்கும். கருவிகளின் கடிகாரத்தை முன்னமே என்டிபி மூலம் ஒத்துவைத்து, பொத்தானை அழுத்துமுன் அட்டவணைகளையும், இடைமுகத்தின் பிழை எண்ணிக்கையையும், சுவிட்சின் பதிவையும் ஒரு கோப்பில் பிரதி எடுக்க இரண்டு நிமிடம் ஆகும்.