வஹாக்காவின் செஞ்சாயம்

மெக்ஸிகோ தேசத்தின் தென்பகுதியில், மூன்று பள்ளத்தாக்குகள் வந்து கூடும் இடத்தில் அமைந்த வஹாக்கா நகரத்தைக் காணச் செல்லும் யாத்ரிகர், பசுமை படர்ந்த கல்லால் எழுப்பப்பெற்ற மாளிகைகளையும், டொமினிக்கத் துறவிகள் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சாந்தோ தொமிங்கோ ஆலயத்தின் விதானமெங்கும் இழைத்த பொன்வேலையையும் கண்டு பிரமித்து, இவ்வளவு ஐசுவரியமும் வெள்ளிச் சுரங்கங்கள் ஈந்ததென்றே எண்ணக்கூடும். வாஸ்தவத்தில் இந்நகரைப் பெரிதும் வளர்த்தது, சுற்றுப்புறக் கிராமங்களில் சப்பாத்திக் கள்ளியின் மடல்களில் ஒட்டி வாழும் மிளகளவான ஒரு பூச்சியேயாகும்.

கோச்சினீல் எனப்படும் அப்பூச்சியின் பெண்ணினம் தன் உடலில் செஞ்சாயத்தைச் சேமித்து வைக்கிறது. ஸ்பானியர் வருமுன்பே ஸபோடெக், மிஸ்டெக் குடியானவர்கள் அதனை வளர்த்து, அஸ்டெக் அரசுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பம் செலுத்திவந்தனர். தாய்ப்பூச்சிகளைச் சிறு நார்க்கூடுகளிலிட்டு மடல்களில் பொருத்தி, மழைக்கும் குளிருக்கும் தப்புவித்து, ஏறத்தாழ மூன்று மாதம் காத்து, முதிர்ந்தவற்றை மான்வாலால் மெல்ல வருடிச் சேர்த்து, வெந்நீரிலோ வெயிலிலோ கொன்று உலர்த்த வேண்டும். ஒரு பவுண்டு சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவை. இத்தகைய பொறுமை பெரும் பண்ணைகளுக்கு வசப்படவில்லை. வீட்டுக் கொல்லையில் சில கள்ளிகளை வைத்திருந்த குடும்பங்களே வெள்ளிக்கு அடுத்தபடியாக அந்த ஸ்பானியக் காலனியின் ஏற்றுமதியைத் தாங்கி நின்றன. ஆலயத்தின் அழகைப் புகழ்வோர் அவர்களது உழைப்பையும் சேர்த்தே புகழ்தல் நியாயம்.

ஆனால் லாபம் அவர்களைச் சேரவில்லை. ஜில்லா அதிகாரிகள் முன்பணம் கொடுத்து, சந்தை விலையினும் தாழ்ந்த விலைக்குச் சரக்கை வாங்கிக்கொண்டனர். 1786ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையைத் தடை செய்யும்வரை அது பகிரங்கமாகவே நடந்தது.

சரக்கு விதையா, பூச்சியா என்றுகூட ஐரோப்பியர் நெடுங்காலம் தர்க்கித்தனர். ஸ்பெயின் தேசத்தார் அந்த ரகசியத்தை அவ்வளவு கண்டிப்பாகக் காத்தனர். 1777இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் வஹாக்காவுக்கே வந்து, பூச்சியோடு கூடிய மடல்களைக் களவாகப் பெற்று, கரீபியத் தீவிலிருந்த பிரெஞ்சுக் காலனிக்குக் கொண்டுசென்றார். நம் சைதாப்பேட்டையிலும் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி வைத்தியர் கள்ளித் தோட்டம் அமைத்துக் காத்திருந்தார். எனினும் 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது தரங்குன்றிய காட்டினமே.

பின்னர் குவாதமாலாவும் கானரித் தீவுகளும் போட்டிக்கு வந்தன; 1856க்குப் பின் தோன்றிய ரசாயனச் சாயங்கள் வியாபாரத்தை அடியோடு வீழ்த்தின. ஆயினும் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள தியோதித்லான் தெல் வாய்யே கிராமத்து ஸபோடெக் நெசவாளர் சிலர், உலர்ந்த பூச்சியை நம் அம்மியை ஒத்த கல்லில் அரைத்து, எலுமிச்சைச் சாறு கூட்டி ஆரஞ்சு வண்ணமும், காரம் கூட்டி ஊதாவும் வருவித்துக் கம்பளி நூலுக்கு ஏற்றிவருகின்றனர். வஹாக்காவுக்குச் செல்வோர் அத்தறிகளைக் காணாது திரும்புவது பெருங்குறையே.